மூன்றாவது ஒயர்

கக்கதாசபுரத்தில் காவிரி
செவ்வாய், வெள்ளி பின்னிரவு மூன்றுக்கு வரும்.
வராமலும் இருக்கும்.
சம்ப்பருகே முழித்திருந்து பார்க்க
ஹுலிகெம்மாவுக்கு வீட்டுக்காரர்
மாதம் முந்நூறு தருகிறார்.
வந்தால் மோட்டார் போடுவாள்.
கண்ணயர்ந்தால் மறுநாள்
பதினோரு வீட்டுக் குழாயும் அவளைத் திட்டும்.

நான் உதவத்தான் நினைத்தேன்.

சம்ப்பின் மூடியில் ஒரு போர்டு,
மூன்றாம் மாடியில் என் மேஜைமேல் ஒன்று.
நடுவே எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய
பதினாறு மீட்டர் ஒயர், இரட்டை இழை.
"மூணு இழை எடுத்துக்கோங்க சார்" என்றான் கடைப்பையன்.
போக ஒன்று, வர ஒன்று,
மூன்றாவது எதற்கு என்றேன்.
தோளைக் குலுக்கிவிட்டு
அடுத்த ஆளைக் கவனிக்கப் போனான்.

முதல் இரவு ஒரு சத்தமுமில்லை.
வாயை வாயோடும்
காதைக் காதோடும் கட்டியிருந்தேன்.
மாற்றிக் கட்டினேன்.

இரண்டாம் இரவு கூச்சல்:
தலைகீழ்க் கேள்விக்குறி, கட்டம், கட்டம்,
எந்த மொழிக்கும் சொந்தமில்லாத ஓர் எழுத்து.
கீழே இருப்பது
நொடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறில் நடக்க,
மேலே இருப்பது
லட்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.
வேகத்தைக் குறைத்தேன்.
ஆபீஸில் என்மேல் உள்ள புகாரும் இதுதான்.

மூன்றாம் இரவு வெள்ளி.
ஒரு பன்னிரண்டு வந்தது.
பின்னால் ஒரு ஒன்று. அப்புறம் குப்பை.
போனில் ஹுலிகெம்மா "பந்தா?" என்றாள்.
வந்ததா என்று அர்த்தம்.
ஆறு வருடமாகியும் அந்தச் சொல்லுக்கு
ஒரு கணம் முகம் சுருங்கத்தான் செய்கிறது,
என்னைச் சொல்கிறாளோ என்று.
"இல்ல" என்றேன்.
அது இரண்டு பேருக்கும் பொது.

போர்டை லேசாக அசைத்துப் பார் என்றேன்.
பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு.
என்ன செய்தாய்?
ஒன்றுமில்லை, கை வைத்திருக்கிறேன்.
கையை எடு. குப்பை.
வை. பன்னிரண்டு.
எடு.
வை.
இரண்டாம் மாடி பட்டநாயக்
ஜன்னலை ஓங்கிச் சாத்தினார்.

அப்புறம்தான் உறைத்தது.
இதற்கும் அதற்கும் தனித்தனி அடாப்டர்.
இதற்குப் பூஜ்யமாக இருப்பது
அதற்குப் பூஜ்யமில்லை.
எங்கிருந்து அளப்பது என்பதிலேயே
ஒத்துப்போகாதபோது
எண்ணைச் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன.
செருப்பில்லாமல் ஈரத்தில் நின்ற
அவளுடைய உள்ளங்கால்தான்
இத்தனை நேரமும்
இரண்டுக்கும் நடுவில்
தரையாக இருந்திருக்கிறது.

பைப்புகளுக்கிடையே
எப்போதோ காலிசெய்து போனவர்களின்
கேபிள் டிவி ஒயர்
மாடியிலிருந்து மண்வரை சும்மா தொங்கியது.
மேல்நுனியை நான் சீவி முறுக்கினேன்.
கீழ்நுனியை அவள் பல்லால் உரித்தாள்,
எந்த முனை என்று ஒரே தடவைதான் கேட்டாள்.

"இப்போ கையை எடு."
எடுத்தாள்.
பன்னிரண்டு.
பன்னிரண்டு.
மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து,
துடைப்பக் குச்சி விட்டுச் சாண் போட்டாள்.
அரைச் சாணுக்கு ஒரு விரல் கூட, என்றாள்.
சரியாக இருந்தது.

போன் கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சும்மா இருந்தது.

"இனிமே இதே முழிச்சிருக்குமா?"
ஆமாம்.
"அப்போ அந்த முந்நூறு?"

சிக்னல் சரியில்லை,
காலையில் பேசலாம் என்றேன்.
பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால்
போனைக் காதிலிருந்து எடுத்து
அதில் நிமிர்ந்து நிற்கும் நாலு கோட்டையும்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குக் காவிரி வரவில்லை.
விடியும்வரை
பன்னிரண்டு, பன்னிரண்டு என்று
ஒரு பிழையுமில்லாமல்
வந்துகொண்டே இருந்தது.