பதினைந்து கிராம்

வண்ணார்பேட்டையில் வீல் பேலன்சிங் பார்த்த மறுநாள்
நாங்குநேரி டோல்கேட்டை விட்டு வண்டி நகர்ந்ததும்
டிக்.
சக்கரம் ஒரு சுற்று, ஒரு டிக்.
வேகம் பிடித்தால் டிக்குகள் ஒட்டிக்கொண்டு
தையல் மிஷின் ஆகிவிடும்.

கல்லு சிக்கியிருக்கும் என்றாள் தெபோராள்.
குச்சியால் டயரின் பள்ளமெல்லாம் நோண்டினேன்.
மச்சான் பேரிங் என்றான், பார்க்காமலே, போனில்.
பாளையங்கோட்டை ஷெட்டில்
நாலாயிரத்து இருநூறு என்று சீட்டு எழுதினார்கள்.
ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்;
சத்தம் எதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலப்பாளையத்தில் மைதீன் பிச்சை
பெயர் எதுவும் வைக்கவில்லை.
"பிரேக்க அமுக்குனா நிக்குதா?"
இல்லை.
"ஒடிச்சுத் திருப்புனா கூடுதா?"
இல்லை.
"பேரிங்னா மொனங்கும்வே. இது எண்ணுதுல்லா."

ஜாக்கி போட்டுத் தூக்கி
இடது முன்சக்கரத்தைக் கையால் உருட்டினார்.
டிக்கில் நிறுத்தினார்.
உள்விளிம்பில், காலிப்பருக்கு நேராக,
கொக்கி மாட்டிய ஈயத்துண்டு
ஒரு முனை மட்டும் தேய்ந்து
புதுக்காசாய் மின்னியது.
வண்டி ஆடக்கூடாதென்று
நான் காசு கொடுத்து அடிக்கச் சொன்ன எடை.

அதைப் பெயர்த்துவிட்டு
ஒட்டுகிற வில்லையை உள்ளே தள்ளி ஒட்டினார்.
நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
ஈயத்தை என் கையில் வைத்தார்.

இரவு, குறிச்சி தாண்டும் வரை ஒன்றுமில்லை.
நம்பாமல் கண்ணாடியை இறக்கினேன்,
வயற்காற்றும் தவளையும் மட்டும்.
கொக்கிரகுளம் வளைவில்
டிக்.

தெபோராள் என்னைப் பார்த்தாள்.
சில்லறைத் தட்டில்
அந்த ஈயம்
மறுபக்கம் புரண்டு படுத்திருந்தது.