ஏழாம் எண் கூண்டு

தூத்துக்குடியில் ஏழாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
கோட்டையூர்க் குடோன் வாசலில் வெயில்.
தீபாவளிக்குப் பினாங்கு போகவேண்டிய சீப்புச்சீடை
எட்டு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும்.
பாக்கெட்டில் அச்சிட்ட தேதியைக்
கடல் படிக்காது.

சரக்கை மூன்றாகப் பிரித்தவள் மெய்யம்மை:
பாதி தூத்துக்குடி, கால் சென்னை, கால் கொச்சி.
"மூணு வாடகை! உங்க அப்பச்சி வீட்டுக் காசா?"
என்று அன்று கத்திய சாத்தப்பன்
இன்று கைபேசியில்
நங்கூரமிட்ட கப்பலை விரலால் பெரிதாக்குகிறார்,
பெரிதானால் நகரும் என்பதுபோல.

சென்னைப் பெட்டி ஆறு நாளாக ஸ்கேனர் வரிசையில்.
கொச்சிப் பெட்டி மட்டும்
மலாக்கா நீரிணையில்.

"கால்தானே தப்பிச்சது?"

"கால் இருந்தா நின்னுக்கலாம்ணே"
என்றவள்
சென்னைக்கு மறுபடி டயல் செய்கிறாள்.
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.