விடுபடல்

வளைந்த சுவரில் ஐந்து துளைகள்.
ஏதோ ஒன்றில் அரை நொடி விளக்கெரியும்.
எலி அதில் மூக்கை நுழைத்தால்
பின்பக்கம் ஒரு சர்க்கரை உருண்டை விழும்.
விளக்கு வருமுன் நுழைத்தால் முந்தல்.
நுழைக்காமலே நின்றால் விடுபடல்.
இந்த இரண்டு சொற்களை வைத்து
இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

புன்னைநல்லூர் தாண்டி, வடவாற்றங்கரையில்
வேளாண்துறை கைவிட்ட கட்டடம் எங்களுடையது.
சன்னலுக்கு வெளியே வயல்.
அங்கே எலி வாலுக்கு முப்பது ரூபாய்.
இங்கே என் எலி
ஐதராபாத்திலிருந்து ஏசி வண்டியில்
வம்சாவளிச் சான்றிதழோடு வந்திறங்கும்.
அம்மாப்பேட்டையில் மூங்கில் கிட்டி வைக்கிற
தங்கை புருஷன் ஒருமுறை கேட்டான்:
"எலிக்குக் கவனம் இல்லேன்னா
எனக்கு நல்லதுதானே?"

நரம்பு டாக்டர் என்று யாரோ சொல்லி
பாபநாசத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள்.
நான் அந்த டாக்டர் இல்லை என்பேன்.
நம்பமாட்டார்கள்.
ஒரு பையன் நான் பேசி முடிப்பதற்குள்
வாசல் குழாயை ஒன்பது முறை திறந்து மூடினான்.
எண்ணினேன். வேறென்ன தெரியும் எனக்கு.

ஆய்வு முடிந்ததும் ஒவ்வொன்றையும்
நானே முடிப்பேன். மாணவர்களிடம் விடுவதில்லை.
மூளை இரண்டு கிராம்.
நாற்பது மைக்ரான் சீவல்களாய்
மரப்பெட்டிகளில் அடுக்கியிருக்கிறது
என் உத்தியோகம்.

பிறகு இந்த ஜூன் மாதம்.
மேட்டூர் திறந்து, கல்லணை கடந்து
வடவாற்றில் தண்ணீர் புரளும் வாரத்தில்
வரைபடத்தில் வருடந்தோறும் ஒரு மேடு.
விடுபடல் இரண்டு மடங்காகும்.
நல்ல எலி, கெட்ட எலி, மருந்து கொடுத்த எலி,
எல்லாம் ஒன்றுபோலக் கோட்டை விடும்.
பருவ இரைச்சல் என்று பெயர் வைத்து
வெட்டி எறிந்தேன்.
பதினொரு கட்டுரைகளிலும் அடிக்குறிப்பு ஒன்றுதான்:
ஜூன் தரவுகள் சேர்க்கப்படவில்லை.

அணை திறக்காத வருடத்தில்
மேடு இல்லை.
அதைப் பார்த்தவள் ஹம்தா,
வந்து ஐந்து மாதமே ஆன மாணவி.
வௌவால் ஆராய்கிற சிநேகிதியிடம்
ஒரு ஒலிப்பதிவுக் கருவி இரவல் வாங்கி
அடுத்த ஜூனில் விலங்கறைச் சுவரில் ஒட்டினாள்.

எங்கள் காதுக்கு எதுவும் கேட்கவில்லை.
திரையில் மட்டும்
இருபத்திரண்டாயிரம் அதிர்வில்
நீள நீளமான கோடுகள்.
எலி பயந்தால் போடுகிற சத்தம்.
என் எலிகள் போட்டதல்ல.
வளையில் தண்ணீர் ஏறிய வயலெலிகள்
குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு
செங்கல் இடுக்குக்குள் ஏறியிருந்தன.

சவரிமுத்துவைக் கூப்பிட்டேன்.
கூண்டு கழுவிய கையைத் துடைத்தபடி
"எழுதியிருக்கேனே மேடம்" என்றார்.
பராமரிப்புப் பதிவேடு. ஜூன் பதினெட்டு:
சுவற்றில் பிராண்டல், சிமெண்டு வைத்து அடைத்தேன்.
முந்தின வருடம், ஜூன் இருபது:
சுவற்றில் பிராண்டல், அடைத்தேன்.
அதற்கு முந்தின வருடமும்.
ஒவ்வொரு வாரத்தின் கீழும்
பச்சை மையில் என் கையெழுத்து.

அன்று பிற்பகல் பதினான்காம் எலியின் முறை.
கணினியைப் பார்க்காமல்
கண்ணாடி வழியே எலியைப் பார்த்தேன்.
கடைசியாக அப்படிப் பார்த்தது எப்போது என்று
ஞாபகமில்லை.

மூன்றாம் துளையில் விளக்கு வந்தது, போனது.
எலி ஒரு முன்காலைத் தூக்கியபடி
சுவருக்குக் காது கொடுத்து நின்றது.
மீசைகூட அசையவில்லை.
அவ்வளவு முழுசாக எதையும்
நான் கேட்டதில்லை.
விடுபடல், என்று பதிந்தது கணினி.

தொடங்கிய ஆய்வை
நூறு வாய்ப்பும் தீரும்வரை
நடுவில் நிறுத்தக் கூடாது.
நான் எழுதி, கதவில் ஒட்டிய விதி.

இன்னும் அறுபத்தொன்று இருந்தது.