இருபதும் முப்பதும் நாற்பதும்

இரவு பத்தே காலுக்கு சக்காரிஸ் அழைத்தான்:
தராசு எடை போடுகிறது,
அச்சுப்பொறியில் விளக்கு எரிகிறது,
லேபிள் மட்டும் வரவில்லை.
அவன் குரலுக்குப் பின்னால் பட்டை ஓடாத நிசப்தம்.
அந்த ஆலையில் நிசப்தத்துக்கும்
மணிக்கு இவ்வளவென்று விலை உண்டு.
"எல்லாவற்றையும் ஒருதரம் அணைத்துப் போடட்டுமா?"
"எதையும் தொடாதே" என்றேன்.

வீட்டிலிருந்தே நுழையப் பார்த்தேன்.
ஸ்விட்ச் வாய் திறக்கவில்லை.
அப்புறம் கார், பக்கவாட்டில் பெய்யும் மழை,
லெய்ர்விக் தாண்டிக் கடலுக்கடியில் இறங்கும் சுரங்கம்.
தலைக்கு மேல் அத்தனை தண்ணீர்;
ஒரு தீவு இன்னொரு தீவைத் தொட
இவ்வளவு தோண்ட வேண்டியிருக்கிறது.

பொதிகூடத்தில்
தராசுக்கும் அச்சுப்பொறிக்கும் நடுவே
லிவாய்வாயின் ஒரு கை தூரம்.
ஆனால் தராசு இருபதாம் விலானில் குடியிருக்கிறது,
அச்சுப்பொறி முப்பதில்.
நாலு கிலோ இருநூறு என்று இது அதனிடம் சொல்ல
அந்தச் சொல் சுவரேறி, முற்றம் கடந்து,
அலுவலக மாடியில் ரவுட்டரின் வாசலில் நின்று
யார், யாருக்கு என்று பதில் சொல்லி
வந்த வழியே திரும்ப வேண்டும்.
பாதுகாப்பு கருதி நான்தான் பிரித்து வைத்தேன்.
வரைபடத்தில் வெகு அழகாக இருந்தது.

இருபதுக்குள் பிங்: தராசும் தராசும் நலம் விசாரித்துக்கொண்டன.
முப்பதுக்குள்ளும் அப்படியே.
கேட்வேயைக் கூப்பிட்டேன்.
பதில் இல்லை.
கூப்பிட்டேன்.
பதில் இல்லை.
"கேபிளா?" என்றான் சக்காரிஸ்.
பிடுங்கிச் செருகினேன், அவன் மனசுக்காக.

நனைந்துகொண்டே முற்றம் கடந்து மாடியேறினேன்.
ரவுட்டரில் இருபதுக்கும் முப்பதுக்கும்
கதவுகள் திறந்தேதான் கிடந்தன.
வருவோர்தான் இல்லை.
பக்கத்துத் திரையில், இன்றைக்கு மாட்டிய கேமரா
பொதிகூடத்தைத் துல்லியமாகக் காட்டியது:
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
ஐஸ் பெட்டிகளைச் சுற்றிப் பதினோரு பேர்.
லிவாய்வாய் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள், சும்மா.

நானும் கையைத் தூக்கினேன்.
பாதியில் நின்றது கை.

அடைபட்ட வழியில் இது மட்டும் எப்படி வந்தது?

திரும்ப ஓடி, கன்சோல் வயரைச் செருகி
ட்ரங்கைக் கேட்டேன்: யாரையெல்லாம் விடுகிறாய்?
நாற்பது என்றது.
வேறு?
நாற்பது.

சாயங்காலம் ஐந்தே முக்கால்.
பகல் ஷிப்ட் போய்விட்டது.
மகனை நீச்சல் குளத்திலிருந்து கூட்டிவரும் அவசரம்.
கேமராவுக்கு வழிவிட ஒற்றை வரி:
நாற்பதை அனுமதி.
நாற்பதையும் என்று சொல்லியிருக்க வேண்டும்.
ஓர் உம்.
அது இல்லாததால் நாற்பது உள்ளே வர
பத்தும் இருபதும் முப்பதும் வெளியே போயின,
பத்தோடு நானும்.
திரை உறைந்தபோது
வீட்டு இணையத்தைத் திட்டிவிட்டு மடிக்கணினியை மூடினேன்.

சேமிக்கவில்லை.
இது உறைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.
சேமிக்காத கட்டளை மின்சாரம் போனால் செத்துவிடும்.
பத்தே காலுக்கு அவன் கேட்டபடி
அணைத்துப் போட்டிருந்தால்
பத்தரைக்கு லேபிள் வந்திருக்கும்.

உம்மைச் சேர்த்தேன். இந்த முறை சேமித்தேன்.
அச்சுப்பொறி தொண்டையைச் செருமி
தேங்கியதையெல்லாம் ஒரே மூச்சில் துப்பியது.
எப்போதோ எடை போட்டு
எங்கோ ஒதுக்கிவிட்ட மீன்களின் பெயரில்
நீளமான வெள்ளை நாக்கு.
லிவாய்வாய் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டு
முதல் மீனிலிருந்து தொடங்கினாள்.

சக்காரிஸிடம் சொன்னேன், முழுவதையும்.
"அப்போ நான் அணைத்துப் போட்டிருந்தால்..."
"ஆமாம்."
அவன் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான், வெகு நேரம்.
பிறகு பெட்டியிலிருந்து ஒரு சால்மனை எடுத்துப்
பையில் போட்டு என் கையில் திணித்தான்.
லேபிள் ஒட்டவில்லை.