அண்ணாந்து குடிக்கிற ஊரில்

மேலப்பாளையம் மலுக்காமலி கடையில்
ஃபேன் ரெக்கைக்கும் மோட்டார் சுருளுக்கும் நடுவே
வாய் நிறையத் துருப்பிடித்த திருகாணியோடு கிடந்தது.
“மாஞ்சோலை பங்களா சாமான் வே, தொரை குடிச்சது.”
அவன் கடையில் எல்லாமே தொரை குடித்ததுதான்,
போன மாதம் விற்ற ஹார்லிக்ஸ் பாட்டில் உட்பட.
முந்நூற்றைம்பது கேட்டான்.
இருநூற்றெண்பதும் ஒரு டீயும் கொடுத்தேன்.

மின்வாரியத்தில் கணக்கெடுக்கிறவன் நான்.
மாடிப்படிக்கு அடியிலும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும்
மீட்டரைத் தேடி நுழைகிறவனுக்கு
வீட்டுக்காரர் மறந்த சாமான்கள் கண்ணில் படும்.
முதல் குவளை அப்படித்தான் வந்தது,
முருகன்குறிச்சியில் ஒரு பழைய மச்சுவீட்டில்.
முக்கோணத் தொப்பி, புடைத்த கன்னம்,
மடியில் நுரைக்கிற கிண்ணம்,
தொப்பியே வாயாகத் திறந்த ஒரு சீமைத் தடியன்.
உள்ளே சுண்ணாம்பு போட்டு வைத்திருந்தார்கள்.
யூனிட்டைக் குறித்துவிட்டுக் கேட்டேன்.
கொண்டுபோம் என்றார்கள்.

இப்போது பதினோரு பேர் அலமாரியில்.
ஆட்டுக்கொம்பு முளைத்த மூஞ்சி ஒன்று.
கழுத்தெல்லாம் ஓட்டை போட்டது ஒன்று,
சாய்த்தால் சட்டை நனையும்,
கைப்பிடிக்குள் ஒளிந்த குழாயைக் கண்டுபிடித்து உறிஞ்சவேண்டும்.
தூசி தட்டுகிற ஆவுடை
ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறாள்.
தடியனுக்கு எங்கள் ஏ.இ. பேர்.

மலுக்காமலி சரக்கைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத்
திருகாணிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிய இரவில்
அடியில் உட்கார்ந்திருந்தது
ஒரு மண் தவக்களை.
பச்சைப் புள்ளி. திறந்த வாய்.
வெளியே ரோஸ் பூச்சில் பாய் விரித்த கப்பல்,
தேய்ந்துபோன நாலு வரி.
அந்த ஊர்க் குடிக்கடையில் இதுதான் விளையாட்டாம்:
கறுத்த பீர் இறங்க இறங்க
மூக்குக்கு நேரே ஒரு தலை எழும்பும்.
குடித்தவன் அலறுவான்.
கூட்டம் மேசையைத் தட்டும்.

வந்தவருக்கெல்லாம் அதில் மோர் கொடுத்துப் பார்த்தேன்.
மச்சினன். கேபிள்காரர். ஜாதகம் கொண்டு வந்தவர்.
ஒருத்தரும் அலறவில்லை.
நெற்றிக்கு மேலே தூக்கித்
தொண்டைக்குழி ஏறி இறங்க
ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக்கொண்டு
வாயைத் துடைத்தபடி திருப்பித் தந்தார்கள்.
கடல் தாண்டி வந்த கிண்டல்
உதடு படாத விளிம்பில் தோற்றுப்போனது.
அத்தனை வருஷம் காத்திருந்த தவக்களை
யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம்
டெஸ்டரைத் திருப்பித் தர வந்தான் பலவேசம்.
ஒன்பது வருஷமாய் என்னோடு வேலை.
ஜன்னல் விளிம்பில் அவனுக்கென்று
காகித டம்ளர் பாக்கெட் இருக்கும்.
ஏன் என்று யாரும் சொன்னதில்லை.
பெருங்காயம் போல மாதச் சாமானோடு வந்துவிடும்.
அன்றைக்குத் தீர்ந்திருந்தது.
ஆவுடை பரணில் தேடிக்கொண்டே இருந்தாள்.
எனக்குக் கைக்கு எட்டியது குவளைதான்.

அவனும் அண்ணாந்துதான் குடிக்கப் பார்த்தான்.
தையில் கம்பத்திலிருந்து விழுந்த தோள்
காதுக்கு மேலே எழும்பவில்லை.
என்னைப் பார்த்தான்.
நான் மோரைப் பார்த்தேன்.
உதட்டை வைத்தான்.

“ஏ அண்ணாச்சி! தவக்களல்லா கெடக்கு!”

பாதி மோர் காக்கிச் சட்டையில்.
தவக்களையின் தலையில் ஒரு கறிவேப்பிலை.
தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்,
தோள் வலித்து நிறுத்தினான்,
மறுபடி சிரித்தான்.
“இன்னொரு தடவ ஊத்துங்க,
சவத்த முக்கிப் பாப்போம்.”
ஊற்றினேன். முக்கினோம்.
பரணிலிருந்து இறங்காமலே
ஆவுடையும் சிரித்தாள்.

அன்றிரவு குவளையைக் கழுவினேன்.
எப்போதும் நான்தான் கழுவுவது, காது உடைந்துவிடும் என்று.
ரீடிங் எடுத்தே பழகிய கண்ணுக்கு
எண்ணாமல் இருக்கத் தெரியாது.
மச்சினன் குடித்ததற்கு ஒரு தண்ணீர்.
ஜாதகக்காரருக்கு ஒரு தண்ணீர்.
இதற்கு
மூன்று.

மூன்றாவதைக் கொட்டக் கொட்ட
மூக்குக்கு நேரே
எழும்பிக்கொண்டிருந்தது ஒரு தலை.