மஞ்சள் முதலில் வரும்

செட்டிகுளம் ஜங்ஷனில் ஐசக்கின் செல்போன் கடை.
அந்தக் கண்ணாடி மேசையில் ஒன்றரை அடி எனக்கு:
ஒரு லென்ஸ், நகைத் தராசு,
பழைய வெள்ளி ரூபாய் முப்பது, நாற்பது.

வெள்ளி கறுக்கும் என்பார்கள்.
நேராகக் கறுக்காது.
மஞ்சள் முதலில் வரும், மட்டிப்பழத் தோலின் மஞ்சள்.
பிறகு பழுத்த பாக்கு.
பிறகு நாவல்பழம் தின்ற நாக்கு.
அதற்கும் பிறகு, விளிம்பில் மட்டும்,
முட்டத்தில் காலை பத்து மணிக்குக் கடல் எடுக்கிற நீலம்.
கறுப்பு கடைசி வண்டி.

காகித உறையில் கிடந்தால் இதற்கு முப்பது வருஷம்.
மரப்பெட்டியில் இன்னும் கூட.
எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

சொல்லிவிடுகிறேன்.
அவித்த முட்டை இரண்டு, சூட்டோடு மசித்தது,
மூடியுள்ள டப்பா,
நடுவில் காப்பித் தட்டில் ஐந்தாம் ஜார்ஜ், 1919.
முதல் நாள் திட்டுத்திட்டாகப் போயிற்று.
துடைத்துவிட்டு மறுநாள் மறுபடி.
கால்மணிக்கொரு தடவை திறந்து பார்த்தேன்,
சோறு வெந்ததா என்று பார்க்கிறவனைப் போல.
விளிம்பை நீலம் தொட்டதும் எடுத்துக் கழுவினேன்.
சாக்கடை அடைத்திருக்கிறது என்று வசந்தா
ஒரு வாரம் பினாயில் ஊற்றினாள்.

லென்ஸில் தெரியும், தெரிந்தவனுக்கு.
தன்னால் வந்த நிறம் எழுத்தின் ஓரத்தில் ஒதுங்கும்,
பாறையைச் சுற்றிப் போகிற வாய்க்கால் மாதிரி
அங்கே கொஞ்சம் வெள்ளையை விட்டுவைக்கும்.
என் நிறம் யாரையும் மதிக்கவில்லை.
கிரீடம், தாடி, மேலங்கியின் குட்டி யானை,
எல்லாவற்றின் மேலும் செருப்போடு நடந்திருந்தது.

குலசேகரத்திலிருந்து வின்சிலாஸ் வந்தார்.
ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவர்,
சட்டையெல்லாம் அந்த மணம்.
லென்ஸை நீட்டினேன். வாங்கவில்லை.
வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"தன்னப்போல வந்த நெறமா வேய்?"
"தன்னப்போல வந்தது."
நாலாயிரத்து ஐந்நூறு. பேரம் பேசவே இல்லை.
பேசியிருந்தால் மறந்திருப்பேன்.

பதினொரு மழைக்குப் பிறகு மகள் வந்தாள், ஜெஸ்லின்.
மூடி உடைந்த மிட்டாய் டப்பா,
அதைச் சுற்றி ரப்பர் பேண்ட், உள்ளே ஷீட்டு விற்ற ரசீதுகள்,
ரசீதுகளுக்கு நடுவே அவர்.

எனக்கு அடையாளம் தெரியவில்லை.
ஜார்ஜின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு,
எந்தக் கட்டையோ இறுக்கிய பேண்டின் தடம்.
என் நீலம் போய்விட்டிருந்தது.
அந்த இடத்தில் ஒரு பச்சை கலந்த பொன்,
நான் எத்தனை முட்டை அவித்தாலும் வராதது.
எழுத்துகளின் ஓரத்தில், லென்ஸை எவ்வளவு திருப்பினாலும்,
மெல்லிசாக ஒரு ஒதுக்கம்.

புகைப்புரையா, ரசீதின் மையா, பூட்டிய வீட்டு ஈரமா,
எது எதை எங்கே எடுத்துக்கொண்டது?
என் இரண்டு நாள் இதில் எந்த இடம்?

அவளும் அதையே கேட்டாள்,
"தன்னப்போல வந்த நெறமா?"

"முதல் ரெண்டு நாள் நான் போட்டது," என்றேன்.
"மிச்சம் உங்க அப்பாக்க பொகை."

ஐசக் சார்ஜர் விற்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
அவள் காசை மூக்கருகே கொண்டுபோனாள்.
"ஷீட்டு மணம்தான் இருக்கு.
செரி, அந்த ரெண்டு நாளுக்க பைசாவத் தாருங்க."

கால்குலேட்டர் கடன் வாங்கினேன்.
நிறமில்லாத அதே வருஷத்துக் காசு அன்று எழுநூறு.
கழித்தால் மூவாயிரத்து எண்ணூறு,
முட்டை இரண்டுக்கு.
எண்ணிக் கொடுத்தேன். அவளும் ஒருமுறை எண்ணினாள்.

காசை விற்கவில்லை.
ரசீதுகளுக்குள் திரும்பச் செருகி, டப்பாவை மூடி,
மணிக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றினாள்.

அது வேண்டாம், அதில் கந்தகம் உண்டு
என்று சொல்ல வாயெடுத்தேன்.

இரண்டு சுற்று சுற்றினாள்.
திற்பரப்பு பஸ் வந்துவிட்டது.