பத்து மதிப்பெண் கேள்வி

ஏப்ரலில் ஓர்க்னித் தீவில்
பாதி வகுப்பு தூங்கும்.
ஆடுகள் ஈனும் காலம்.
காற்று மட்டும் முதல் மணியிலிருந்தே
சன்னலைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தோம்.
கடலில் செத்தவனை
உப்பும் ஓதமும் கொண்டு எழுப்பிவிட்ட வைத்தியன்
அவன் பேச வாயெடுத்ததும்
குரல் பொறுக்காமல்
நிலவறையைப் பூட்டிப் படியேறிவிடும் இடம்.

'யார் உண்மையான அரக்கன்? காரணம் தருக.'
பலகையில் எழுதினேன்.
இருபது வருடமாக அதே கேள்வி,
காய்ந்த மார்க்கரின் அதே கீச்சல்.

"இருவருமே" என்றாள் ரொவீனா.
பாதுகாப்பான பதில், ஏழு வாங்கும்.
"செத்தவனிடம் சம்மதம் கேட்டார்களா?"
குழிவெட்டியின் மகன் கேட்டான்.
யாரோ சிரித்தார்கள்.

கடைசி பெஞ்சில் எர்லெண்ட் ஃப்ளெட்
மேசையிலிருந்து தலை தூக்காமலே சொன்னான்:
"தாய் ஒதுக்கின குட்டியை
அடுப்படிக்குத் தூக்கிவந்து சூடேத்தினா
அப்புறம் அது உங்களுது, மிஸ்.
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துதான் ஆகணும்.
முடியாதுன்னா வயல்லயே விட்டிருக்கணும்.
அதுவும் பாவம்தான்.
ஆனா சின்னது."
அவன் சட்டைக் கையில் காய்ந்த பால்.

"சரி, மேற்கோள் எங்கே?" என்றேன்,
வாத்தியார் புத்தி.

"நூத்திப் பதினாலாம் பக்கம்.
கதவில இருக்கிற நகக்கீறல் எல்லாம்
முழங்கால் உயரத்துல இருக்கு.
அவன் உடைக்கப் பார்க்கல, மிஸ்.
உக்காந்து தட்டியிருக்கான்."

இருபது வருடம்.
அந்தப் பக்கத்தில்
ஓரக்குறிப்புகூட வைத்திருக்கிறேன்:
வன்முறையின் படிமம்.

மணி அடித்தது. எழுந்து போனார்கள்.
ஒரு மாணவி மட்டும் நின்று
இது பரீட்சைக்கு வருமா என்றாள்.

இஷ்பெல் ரெண்டல் என்று ஒருத்தி படித்தாள் என்னிடம்.
மீன் ஆலைக்குப் போகவிருந்தவளை நிறுத்தி
நீ எழுதப் பிறந்தவள், எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு
என்று சொன்னது நான்தான்.
அனுப்பினாள்.
முதல் உறைக்கு இரண்டு பக்கம் பதில் போட்டேன்,
அடுத்ததற்கு ஒரு தபால் அட்டை.
பிறகு உறைகள் தடித்துக்கொண்டே போயின,
எனக்குத் திருத்தவேண்டிய தாள்கள் இருந்தன,
மழை இருந்தது,
என்னென்னவோ இருந்தது.

அலமாரியின் கீழ்த்தட்டில் நான்கு உறைகள்.
முழங்கால் உயரம்.

இரவு ஒன்றரைக்கோ இரண்டுக்கோ
குனிந்து ஒன்றைப் பிரித்தேன்.
முதல் வரியிலேயே ஒரு எழுத்துப்பிழை.
சிவப்புப் பேனாவுக்கு நீண்ட வலக்கையை
இடக்கையால்
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.